இடது குமிழ், இடது கால்

மைத்துனன் பெட்டியைத் திறந்து நான்கு கேம் சிடிகளை வெளியே எடுத்து வைத்தான். ஐந்தாவதை எடுத்தவன், என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, அதைத் துணிகளுக்கு அடியில் தள்ளினான்.

“அதென்னலே ஒளிச்சு வைக்கே?”

“ஒண்ணுமில்ல அத்தான். அது நல்லா இருக்காது.”

“எடு, பாப்போம்.”

எடுத்தான். அட்டைப் படத்தில் ஒருவன் சக்கரம் வைத்த பலகையோடு ஒரு படிக்கட்டுக்கு மேலே அந்தரத்தில் நின்றான்.

“ஸ்கேட்போர்டு கேமு. முழுக்கக் கால் வெளாட்டு அத்தான். ஒங்களுக்கு எதுக்குன்னுட்டுதான்...”

என் இடது கால் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

“மத்ததெல்லாம் உள்ள வையி. இதப் போடு,” என்றேன்.

அவன் என் மனைவியின் தம்பி. முப்பத்துநாலு வயது. வளைகுடாவில் ஒரு செல்போன் கடையில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவான், வந்தால் குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டில்தான் இருப்பான். இந்த முறை டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டியைக் கொண்டுவந்ததே எனக்குப் பொழுது போகட்டும் என்றுதான். வெளியே எடுத்த நான்கில் இரண்டு கார் பந்தயம். டிரைவருக்குக் கார் விளையாட்டு என்று நினைத்திருக்கிறான். நல்ல மனசுதான். ஆனால் பதினேழு வருடம் நிஜ வண்டி ஓட்டியவனிடம் பொம்மை வண்டியை நீட்டினால் அவனுக்கு எப்படி இருக்கும் என்று யோசிக்கவில்லை.

டூரிஸ்ட் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். குற்றாலம் சீசனில் அருவிக்கு அருவி, ஐயப்ப சீசனில் செங்கோட்டை தாண்டிக் கேரளா. புளியரை எஸ் வளைவுக்குக் கீழே ஒருநாள் பஞ்சரான டயரை மாற்றிக்கொண்டிருந்தேன். எம்-சாண்ட் மணல் ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று மேட்டிலிருந்து பின்னோக்கி உருண்டு வந்தது. இடது காலில் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் மட்டும் மிச்சம் வைத்தார்கள். இதை இதற்கு மேல் விரித்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கேட்டவர்கள் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி அது வேறு யாருக்கோ நடந்த கதை மாதிரி ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு என்னிடம் எல்லாரும் பேசிய ஒரே சொல் ‘வேண்டாம்.’ மாடிக்கு ஏற வேண்டாம். மழையில் வெளியே போக வேண்டாம். கல்யாண வீட்டில் பந்தியில் பரிமாற வேண்டாம், அங்கன சேரைப் போட்டு உட்காருங்க. அன்பால்தான் சொன்னார்கள். அன்பாகச் சொல்வதால் திருப்பி ஏசவும் முடியாது. செயற்கைக் கால் போட்டு ஒன்றரை வருடம் ஆகிவிட்டிருந்தது. நன்றாகவே நடந்தேன். ஆனாலும் நான் எழுந்தாலே வீட்டில் இன்னொருவர் எழுவார்.

அதனால்தான் அந்த ஐந்தாவது சிடி. விளையாட்டின் மேல் எனக்கு ஒரு ஆசையும் கிடையாது. ஒளித்து வைத்தான் பாருங்கள், அந்தக் கோபம்தான்.

போட்டான். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கே லைட் போடுகிற இருட்டு. திரையில் ஒரு வெயில் நாட்டு நகரம் வந்தது. அகலமான நடைபாதை, பளிங்குத் திண்டுகள், இரும்புக் கைப்பிடிகள், படிக்கட்டுகள். நடுவில் பலகையின் மேல் ஒருவன். பாட்டு இல்லை, மதிப்பெண் இல்லை, ஓடுகிற கடிகாரம் இல்லை. சக்கரம் சிமெண்டில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்தை அவர்கள் நன்றாகப் பிடித்திருந்தார்கள். தரை மாறினால் சத்தம் மாறியது. ரோட்டின் தரத்தை டயர் சத்தத்தில் கண்டுபிடிக்கிறவன் நான், அதனால் அது உடனே காதில் பட்டது.

மைத்துனன் கன்ட்ரோலரை என் கையில் கொடுத்துச் சொன்னான்: “ரெண்டு குமிழ் இருக்குல்லா அத்தான், கட்டைவிரலுக்கு. இடது குமிழ்தான் அவனோட இடது காலு. வலது குமிழு வலது காலு.”

“திருப்புதது எப்பிடி?”

“அது பின்னால இருக்க ரெண்டு விசை. ஆள் அந்தப் பக்கம் சாயுவான். மத்தபடி எல்லாம் கால்தான்.”

சொல்லிவிட்டு மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தான்.

மற்ற விளையாட்டுகளில் பொத்தானை அமுக்கினால் ஆள் குதிப்பானாம். இதில் குதிப்பு என்று ஒரு பொத்தானே கிடையாது. பின்னங்காலின் குமிழைக் கீழே இழுக்க வேண்டும், ஆள் குனிவான். இழுத்ததை விடும் நேரத்தில் முன்னங்காலின் குமிழை மேலே தள்ள வேண்டும். பலகை காலோடு ஒட்டிக்கொண்டு எழும்பும். இதற்கு ஆலி என்று பெயர். இரண்டுக்கும் நடுவே கண் இமைக்கிற நேரம்தான் இருக்கிறது. முந்தினால் பலகை மட்டும் எழும், பிந்தினால் ஆள் மட்டும் விழுவான்.

விழுந்தான். அன்றைக்கு அவன் எத்தனை தடவை விழுந்தான் என்று எனக்குத் தெரியாது. நடைபாதையின் ஓரத்தில் கையளவு உயரத் திட்டு ஒன்று. அதில் ஏற முடியவில்லை. விழும்போது கைகால் துணி மாதிரி மடங்கி உருளுவான். சில சமயம் முழங்கை சுவருக்குள்ளேயே புகுந்துகொள்ளும். அதெல்லாம் பார்க்கச் சிரிப்பாக இருந்தது. ஆனால் நான் சிரிக்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து மைத்துனன் மெல்லச் சொன்னான்: “அத்தான், இதுல ஈஸி மோடு ஒண்ணு இருக்கு. ஒரே குமிழ்ல எல்லாம் ஓடும். மாத்தித் தாரேன்.”

“ஒத்தக் காலனுக்கு ஒத்தக் குமிழா?”

“ஐயோ, அப்பிடிச் சொல்லல அத்தான்!”

“தெரியும். கைய எடு.”

அவன் முகம் செத்துப்போனது. அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்தான். ஆனால் சொன்னதற்காக இன்றுவரை நான் வருத்தப்படவில்லை. யாராவது ஒருவரிடம் அதைச் சொல்ல வேண்டியிருந்தது, அவன் பக்கத்தில் இருந்தான்.

நான்காவது நாள் எனக்கு ஒன்று பிடிபட்டது. இது கிளட்ச். மேட்டில் நிறுத்திய வேனை எடுக்கும்போது என்ன செய்வோம்? இடது கால் கிளட்சை மெதுவாக விட்டுக்கொண்டே வரும், வலது கால் ஆக்ஸிலேட்டரை அந்த அளவுக்கு மட்டும் கொடுக்கும். வண்டி பின்னாலும் உருளக் கூடாது, முன்னாலும் பாயக் கூடாது. அந்த ஹாஃப் கிளட்ச் இடத்தை யாரும் வாயால் சொல்லிக் கொடுக்க முடியாது. கால்தான் கண்டுபிடிக்கும். இந்த விளையாட்டைச் செய்தவன் யாரோ, அவன் வேன் ஓட்டியிருக்க மாட்டான். ஆனால் ஒரு கால் இன்னொரு காலுக்குக் காத்திருப்பது என்றால் என்னவென்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அப்படி நினைத்துக்கொண்டு குமிழை விட்டேன். பலகை எழும்பித் திட்டின் மேல் நாலு சக்கரமும் ஒன்றாக இறங்கின. டக் என்று ஒரு சத்தம். அந்த நேரத்தில் இல்லாத என் பாதத்தின் கட்டைவிரல் மடங்கி நிமிர்ந்தது. அதை உணர்ந்தேன்.

இதைச் சொன்னால் விளையாட்டு என்னைக் குணப்படுத்திய கதை ஒன்றை எதிர்பார்ப்பீர்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இல்லாத காலில் எரிச்சல் அதற்கு முன்பும் வந்தது, பிறகும் வருகிறது. சிகிச்சை மாதிரி இதை யாருக்கும் சிபாரிசு செய்யவும் மாட்டேன். ஆனால் விபத்துக்குப் பிறகு அந்தக் காலை எல்லாரும் இறந்தகாலத்தில்தான் பேசினார்கள். அதற்கு இன்றைக்கு ஒரு வேலை இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு குமிழ் சொன்னது.

பிறகு நான் விடவில்லை. இந்த விளையாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒரு சின்னக் குறி. படிக்கட்டுக்கு முன்னால் அதை வைத்துவிட்டால், விழுந்த பிறகு ஒரு பொத்தானில் மறுபடி அங்கேயே வந்து நிற்கலாம். ‘தோற்றாய்’ என்று திரையில் எழுதுவதில்லை. கைதட்டலும் இல்லை, பரிதாபமும் இல்லை. இன்னொன்று, பலகைக்கு அடியில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்பை இறுக்கலாம், தளர்த்தலாம். தளர்த்தினால் திருப்பம் லேசாகும், வேகத்தில் ஆடும். வேனில் ஸ்டியரிங் ஆட்டம் பார்ப்பது மாதிரி அதை ஒரு சாயங்காலம் முழுக்க மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

குறையும் சொல்ல வேண்டும். அந்த நகரத்தில் ஆளே கிடையாது. ஒரு டீக்கடை, ஒரு நாய், ஹாரன் அடிக்கிற ஒரு பஸ், ஒன்றும் இல்லை. செய்யச் சொல்லிக் கொடுக்கும் வேலைகளும் கொஞ்சம்தான், இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். அதன் பிறகு நீயே ஒரு படிக்கட்டைத் தேடி, நீயே ஒரு வித்தையை நினைத்து, நீயே விழ வேண்டும். மைத்துனனுக்கு இது சலித்துவிட்டது. “என்ன அத்தான், ஒண்ணுமே இல்லாத கேமா இருக்கு” என்று கால்பந்து கேமுக்கு மாறிவிட்டான். எனக்குச் சலிக்கவில்லை.

கோபம் வந்தது வேறு இடத்தில். ஆளை நம் விருப்பத்துக்கு மாற்றும் பக்கம் ஒன்று இருக்கிறது. நிறம், தாடி, தொப்பி, சட்டை எல்லாம் மாற்றலாம். செருப்பில் மட்டும் அறுபது எழுபது வகை, எல்லாம் ஜோடி. கால் இல்லாத ஆளைச் செய்ய ஒரு வழியும் இல்லை. கடைசிவரை தேடினேன். செயற்கைக் காலோடு நிஜமாகவே பலகை ஓட்டுகிறவர்கள் உலகத்தில் உண்டு, செல்லில் வீடியோ பார்த்தேன். விளையாட்டைச் செய்தவர்களுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லி மைத்துனனை உட்கார வைத்தேன். நான் தமிழில் சொல்ல, அவன் இங்கிலீஷில் அடித்தான். ‘நிஜம் மாதிரியே என்று அட்டையில் போட்டிருக்கிறீர்கள், உங்கள் நிஜத்தில் நான் இல்லை’ என்று ஒரு வரி. அதை எப்படி எழுதுவது என்று அவன் வெகுநேரம் தலையைச் சொறிந்தான். பதில் வரவில்லை. வராவிட்டால் போகட்டும்.

அந்த வாரத்தில் என் பழைய முதலாளி வீட்டுக்கு வந்தார். குற்றாலத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கிறவர், நான் ஓட்டியது அவருடைய வேன்தான். ஆஸ்பத்திரியில் கிடந்த நாளில் இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்து பார்த்தவர். அவர் உள்ளே வரும்போது நான் ஏழு படி இறங்கும் ஒரு தாவலில் இருந்தேன். விழுந்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “என்னப்பா, சின்னப் பிள்ளைக மாதிரி...” என்று சிரித்தார். காப்பி குடித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

“சீசன் களைகட்டிருச்சு. ஆபீஸ்ல போனு எடுக்க ஆளு வேணும். நீ வந்து இரி. உக்காந்த எடத்துல வேல. ஒனக்கு அலைச்சல் கெடையாது.”

“வண்டி ஓட்ட ஆள் வேணுமா அண்ணாச்சி?”

அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

“அதெல்லாம் முடிஞ்சு போச்சுல்லா. இனும அத நெனைச்சு என்ன செய்ய? நடக்கதப் பாப்போம்.”

“எனக்கு அது முடிஞ்சு போகல அண்ணாச்சி. ஒங்க ஆபீஸ்ல வண்டி ஓட்டுதவன்தான் நான். போனு எடுக்க வேற ஆளப் பாருங்க.”

அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. நானும் குரலை உயர்த்தவில்லை. அவர் செருப்பு மாட்டி வெளியேறினார். போனதும் மனைவி பிடித்துக்கொண்டாள். தென்காசியில் ஒரு ஜவுளிக் கடையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்று புடவை விரித்துப் போடுகிறவள் அவள்.

“அந்த மனுசன் தேடி வந்து கூப்பிடுதாரு. நீங்க என்னன்னா மூஞ்சில அடிச்ச மாதிரி பேசுதீய. நாள் பூரா இந்தச் சனியன வச்சு நோண்டிக்கிட்டு இருக்கதுதான் வேலையா?”

“அங்கன போயி உக்காந்தா அப்புறம் எந்திரிக்கவே மாட்டேன்.”

“எல்லாத்துக்கும் வீம்பு!”

“ஆமா, வீம்புதான்.”

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சமாதானம் பண்ணுவதற்காக மைத்துனன் ஒரு காரை வாடகைக்கு எடுத்துவந்து, பழைய குற்றாலத்துக்குப் போவோம் என்றான்.

போகிற வழியெல்லாம் எனக்குப் படிக்கட்டுகளே கண்ணில் பட்டன. இந்த விளையாட்டு செய்யும் வேலை அது. ரயில்வே ஸ்டேஷன் சரிவு, பேங்க் வாசல் கைப்பிடி, கல்யாண மண்டபத்தின் ஒன்பது படி, எல்லாவற்றையும் எப்படி ஏறலாம், எதிலிருந்து எங்கே இறங்கலாம் என்று மனம் கணக்குப் போட்டது. ஒன்றரை வருடமாக அதே படிகளை நான் பயத்தோடுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அருவியில் நல்ல தண்ணீர். காரை நிறுத்தியதும் மனைவி, “நீங்க கார்லயே இரிங்க. படி வழுக்கும். வரும்போது மொளகா பஜ்ஜி வாங்கியாறோம்” என்றாள். இரண்டு நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

நான் செயற்கைக் காலைக் கழற்றிப் பின்சீட்டில் வைத்தேன், அது நனையக் கூடாது. ஊன்றுகோல் இரண்டையும் எடுத்தேன். வேட்டியை மடித்துக் கட்டினேன்.

“சொன்னா கேக்க மாட்டீய?”

“மாட்டேன்.”

படி வழுக்கத்தான் செய்தது. ஏறும்போது எல்லாரும் வழிவிட்டார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் ஏறினேன். மேலே கூட்டத்தை ஒழுங்குபடுத்த நின்றவர் கையைக் காட்டி, “அண்ணாச்சி, நீங்க ஓரமா நின்னு தலைய மட்டும் நனைச்சுக்கிடுங்க” என்றார். “எல்லாரும் எங்கன குளிக்காங்களோ அங்கனதான் நானும் குளிப்பேன்” என்றேன். அவர் ஊன்றுகோல்களை வாங்கிக்கொண்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் அருவிக்கு அடியில் போனேன். தண்ணீர் மண்டையில் இடி மாதிரி இறங்கியது. ஒரு தடவை விழுந்தேன். முழங்கையில் தோல் உரிந்தது. எழுந்து மறுபடி நின்றேன். பெண்கள் குளிக்கும் பக்கத்திலிருந்து மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள் என்பது பிறகுதான் தெரியும்.

திரும்பி வரும்போது நான் முன்சீட்டில் இருந்தேன். அப்போதுதான் கவனித்தேன். மைத்துனனின் இடது கால் சும்மா கிடந்தது. எங்கேயும் அழுத்தவில்லை.

“கிளட்சு இல்லியாலே?”

“ஆட்டோமேட்டிக்லா அத்தான். ரெண்டு பெடல்தான். வலது காலு ஒண்ணு போதும்.”

ஆட்டோமேட்டிக் வண்டி எனக்குத் தெரியாதது அல்ல. ஆனால் அதை வண்டி என்று நான் ஒருநாளும் மதித்ததில்லை. கிளட்ச் இல்லாமல் ஓட்டுவது ஓட்டுவதா என்று டிரைவர்கள் நாங்கள் கேலி பேசியிருக்கிறோம். அதனாலேயே இத்தனை நாள் அந்தப் பக்கம் யோசிக்கவே இல்லை. ஈஸி மோடு. சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்கு அரை கிலோமீட்டர் முன்னால் புதிதாக மனை பிரித்துப் போட்டிருக்கும் இடம் இருக்கிறது. தார் ரோடு போட்டு, எண் எழுதிய கல் நட்டு, ஒரு வீடுகூட எழும்பாமல் கிடக்கிறது. ஆள் நடமாட்டம் கிடையாது. “உள்ள திருப்பு,” என்றேன்.

திருப்பி நிறுத்தினான். “எறங்கு. நான் ஓட்டுதேன்.”

“அத்தான், அக்கா கொன்னுருவா.”

பின்சீட்டில் ஈரத் தலையோடு இருந்த அவளை நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் பின்வாங்கிவிடுவேன் என்று பயமாக இருந்தது. பிறகு அவள் சொன்னாள்:

“எறங்குல, ஓட்டட்டும். ஆளில்லாத எடந்தான.”

உட்கார்ந்தேன். சீட்டைப் பின்னால் தள்ளினேன். கண்ணாடிகளை எனக்கு ஏற்ப மாற்றினேன். வண்டி நகர்ந்ததும் இடது தொடை தானாக இறுகி, இல்லாத பாதத்தை இல்லாத கிளட்சின் மேல் வைத்தது. அதை விட்டுவிட்டேன், இருந்துவிட்டுப் போகட்டும். வலது கால் தன் வேலையைச் செய்தது. முதல் தெரு, இரண்டாம் தெரு, கடைசியில் வேலி ஓரமாக ஒரு திருப்பம். ஏழெட்டுச் சுற்று சுற்றினேன். பிரேக்கை முதலில் முரட்டுத்தனமாக மிதித்து இரண்டு பேரையும் முன்னால் தள்ளினேன். நான்காவது சுற்றில் அது பழகிவிட்டது. மைத்துனன் “சூப்பர் அத்தான், சூப்பர் அத்தான்” என்று கத்திக்கொண்டே இருந்தான். கண்ணாடியில் பார்த்தபோது மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அருவித் தண்ணீராகவும் இருக்கலாம்.

மைத்துனன் லீவு முடிந்து கிளம்பும்போது கேம் பெட்டியை விட்டுவிட்டுப் போனான். நான் லைசன்ஸுக்கு அலைய ஆரம்பித்தேன். டாக்டர் சான்று, மாற்றி அமைத்த வண்டி, டெஸ்ட், மறு டெஸ்ட். எட்டு மாதம் ஆனது. இப்போது ஒரு பழைய ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கிறேன். தென்காசியில் உதிரிபாகக் கடை ஒன்றில் வேலை, நின்று செய்கிற வேலை. காலையில் மனைவியை ஜவுளிக் கடையில் இறக்கிவிட்டுப் போகிறேன்.

விளையாட்டை விடவில்லை. பலகையைக் காலுக்கடியில் ஒரு முழுச்சுற்று சுழற்றிப் பிடிக்கும் வித்தை இன்னும் பத்துக்கு இரண்டுதான் வருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியும் கன்ட்ரோலரை வாங்கினாள். கால் மணி நேரம் விழுந்தாள். “இத எப்படித்தான் இத்தன நாளா பொறுமையா...” என்று திருப்பிக் கொடுத்தவள், அடுத்த வாரம் அவளாகவே கேட்டு வாங்கினாள்.

என் லைசன்ஸ் சொந்த ஓட்டத்துக்கு மட்டும். வாடகைக்கு ஆள் ஏற்றி ஓட்ட அனுமதி கேட்டு மூன்று மனு கொடுத்தாயிற்று. போன தடவை மனுவை வாங்கியவர் நல்ல மாதிரியாகத்தான் கேட்டார்: “சொந்தமா ஓட்டுதீங்கல்லா, அது போதாதா? எதுக்கு இவ்வளவு அலைச்சல்?”

“நான் டிரைவர் சார்,” என்றேன்.

நாலாவது மனுவை நேற்று எழுதி முடித்தேன்.